கண்ணுங் காணாமையும்

"என் கண்ணாற் கண்டேன்" என்று ஒருவன் கூறிவிட்டால் அதற்குமேற் பேச்சில்லை என்பது உலக வழக்கு. நீதிமன்றத்திற் சாட்சி சொல்வோனும், எல்லைவேலிக்காக அயலானோடு வழக்காடுவோனும், வகுப்பிலே நிகழ்ந்த குற்றமொன்றை விசாரிக்கும் ஆசிரியனும் இவ்வொரு சொல்லையே முடிந்த முடிபாகக் கொள்கின்றனர். அளவைநூலாரும் அளவைகளுட் காட்சியை முதற்கண் வைத்தனர். கருதலும் உரையும் அதன் பின்னரே நிற்கும். இத்துணைப் பெருமை வாய்ந்த காட்சிக்குக் கருவியாகிய கண் நமக்குத் தருவது யாது? தராதது யாது? தராததனைத் தரவில்லை என்று அது நமக்கு அறிவிக்கின்றதா? முன்னை இரண்டு வினாக்களுக்கும் விடை பாடப்புத்தகத்தில் உண்டு. மூன்றாவது வினாவை நம்மிற் பலர் கேட்டதேயில்லை.

கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, உறுப்புக்களுக்குப் பெயரிட்டு, மாணாக்கரை நெட்டுருப்பண்ணுவித்து மேற்செல்லுதல் எளிது. யானும் பல்லாண்டு அங்ஙனமே செய்தேன். அப்பாடத்தினுள்ளே என்னையே குற்றஞ்சாட்டுவதொன்று இருந்தமையை மிகப் பிந்தியே உணர்ந்தேன். அதனைச் சொல்லுதற்கு முன், கண்ணின் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

வளர்ந்த மனிதனது விழி ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் குறுக்களவும், 8 கிராமுக்குச் சிறிது குறைந்த நிறையும் உள்ள ஓர் உருண்டை. ஆறு தசைகள் அதனை வேண்டிய திசைக்குத் திருப்புகின்றன. முன்புறத்திலே மணிக்கூட்டின் கண்ணாடிபோலச் சிறிது புடைத்து, முற்றுந் தெளிவாயுள்ள மூடி விழிவெண்படலம் எனப்படும். ஒளி தடையின்றிப் புகுதற்பொருட்டு அதில் ஒரு குருதிக்குழாய்தானும் வைக்கப்படவில்லை. உயிருள்ள இழையமாயிருந்தும் அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் கண்ணீரிற் கரைந்த காற்றினின்றே பெறுகின்றது. ஒளியை வளைத்துக் குவிப்பது உள்ளேயிருக்கும் வில்லையே எனப் பலர் எண்ணுவர். மொத்த முறிவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படலத்திலேயே முடிந்துவிடுகின்றது. வில்லை செய்வது எஞ்சிய நுண்திருத்தமே.

இப்படலத்தின் பின் நிறமுள்ள திரையொன்று உண்டு, அது கதிராளி. அதன் நடுவே கரிய பொட்டாய்த் தோன்றுவதைக் கண்மணி என்கின்றோம். அருமைக் குழந்தையைக் கண்மணியே என அழைக்கும் நமக்கு வியப்பாய்த் தோன்றினும், கண்மணி என்பது ஒரு பொருளன்று; அது வெறுந் துவாரம். பேரொளியில் 2 மில்லிமீற்றர் வரை சுருங்கியும், இளையோர்க்கு இருளில் 8 மில்லிமீற்றர் வரை விரிந்தும் அத்துவாரம் ஒளியை அளந்து உள்ளே விடுகின்றது. அதன் பின்னுள்ள வில்லையைச் சூழ்ந்த தசைவளையம் சுருங்குங்கால் வில்லை திரண்டு அண்மைப்பொருளைக் காட்டும். தளருங்கால் வில்லை தட்டையாகிச் சேய்மைப்பொருளைக் காட்டும். ஆண்டு ஏற ஏற வில்லை இறுகுதலின், நாற்பதைக் கடந்த ஆசிரியர் பலர் வரவுப்புத்தகத்தைக் கைநீட்டிப் பிடித்து வாசிக்கக் காண்கின்றோம். எழுத்து மங்கிவிட்டதென்று அச்சுக்கூடத்தாரை நோவாரும் நம்முள் உளர்.

விழியின் உட்புறத்திலே, மிக மெல்லியதாய்ப் படர்ந்துள்ளது விழித்திரை. அதில் மங்கிய ஒளியை உணரும் கோல்கள் ஏறத்தாழ 10 கோடியும், பகலொளியில் நிறத்தையும் நுண்மையையும் உணரும் கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சமும் உள்ளன. இவ்வளவும் உணர்ந்த செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பார்வைநரம்பிலோ உள்ள நார்கள் சற்றேறக்குறைய 10 இலட்சமே. ஆகவே கண் தான் பெற்றதை அப்படியே அனுப்புவதில்லை. சுருக்கியும் தெரிந்தெடுத்துமே அனுப்புகின்றது. அன்றியும், கூம்புகள் நெருங்கியிருப்பது விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியிலேயே. கையை நீட்டிப் பிடித்தாற் பெருவிரல் நகம் மறைக்கும் அளவான இடமே அக்குழியினால் நுண்ணிதாய்க் காணப்படும். அதற்குப் புறம்பானவை அனைத்தும் அகல அகல மங்கலே. ஒரு பக்கம் முழுவதும் ஒருங்கே தெளிவாய்த் தெரிகின்றது என நாம் கருதுவது, கண் ஓயாது தாவித் தாவிப் பொறுக்கி எடுத்தவற்றை மனம் ஒன்றாக்கிக் காட்டுதலினாலாம்.

இவற்றையெல்லாம் தமிழிற் கற்பித்தல் இயலாது என்பார்க்கு ஒன்று கூறி மேற்செல்வேன். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூலையும் தமிழில் வெளிப்படுத்தினார். அவர் கொண்ட சமயம் வேறு, நாம் கொண்ட சமயம் வேறு. ஆயினும் அவ்வுழைப்பை மறைத்துப் பேசுதல் நன்றியன்று.

இனிக் காணுதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பது. பண்டைக் கிரேக்கருள் ஒருசாராரும், நம் நாட்டு நியாயநூலாரும், கண்ணினின்று கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைப் பற்றுதலினாலேயே காட்சி நிகழும் என்றனர். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எகிப்து நாட்டில் வாழ்ந்த இபின் அல்-ஹைதம் என்னும் அரபுமொழிப் பேரறிஞர், பொருளினின்று வரும் ஒளி கண்ணுட் புகுதலே காட்சிக்குக் காரணமென விரிவாய் நிறுவினார். 1604 இல் யொகன்னஸ் கெப்லர் என்பவர் அவ்வொளி விழித்திரையிலே தலைகீழான உருவமாய் வீழ்தல் வேண்டுமெனக் கணித்துக் காட்டினார். பின்னர் ஷைனர் என்னும் பாதிரியார், விலங்கின் விழியொன்றின் பின்புறத்தைச் சீவி, வெளிப்பொருளின் உருவம் அங்கே தலைகீழாய் வீழ்தலைக் கண்கூடாகக் கண்டார். கதிர் புறப்படுகின்றது என்ற கொள்கை பிழையாயிற்று. பிழையைப் பிழையென்று ஒப்புதலால் நம் முன்னோர்க்கு இழுக்கொன்றும் வாராது. இக்காலத்துக் கண்டுபிடிப்புக்கள் அனைத்தும் நம் பழைய சூத்திரங்களுள் முன்னரே உள்ளன எனச் சொல்லைத் திரித்துப் பொருள் காண்பாரே அவர்க்கு இழுக்குத் தேடுகின்றனர்.

உருவம் தலைகீழாய் விழுமாயின் அதனை நிமிர்த்திப் பார்ப்பவர் யார் என மாணாக்கர் தவறாது கேட்பர். நல்ல வினா, ஆயினும் வினாவினுள்ளேயே ஒரு மயக்கம் உண்டு. மூளையினுள்ளே சிறியதொரு மனிதன் இருந்து அப்படத்தைப் பார்க்கின்றான் என அவ்வினா கருதிக்கொள்கின்றது. அங்ஙனமாயின் அவன் கண்ணுள் விழும் படத்தைப் பார்ப்பதற்கு வேறொருவன் வேண்டும், அவனுக்கும் ஒருவன் வேண்டும், இது முடிவுறாது. விழித்திரையைக் கடந்து மூளைக்குச் செல்வது படமன்று; நரம்புகளின் துடிப்பேயாம். மேல் கீழ் என்பன, கையும் காலும் கண்ணும் கூடிப் பயின்ற பயிற்சியால் அத்துடிப்புக்களுக்கு நாம் கொள்ளும் பொருளாகும். நிழற்படப் பெட்டிக்கும் வில்லை உண்டு, துவாரம் உண்டு, அதனுள்ளும் உருவம் விழுகின்றது. எனினும் அது ஒன்றையுங் காண்பதில்லை. கண் தானே காண்பதன்று, காண்பவனுக்குக் கருவியாவதே என்ற சித்தாந்தக் கூற்றை இவ்விடத்து ஆசிரியர் நினைவுகூரலாம். ஆனால் உடற்கூற்று நூல் ஆன்மாவை நிலைநாட்டிவிட்டது என ஆர்ப்பரித்தல் வேண்டா. அந்நூல் நரம்பினை எல்லையாகக் கொண்டு அவ்வெல்லையில் நிற்கின்றது. அதற்கப்பாலுள்ள வினா மெய்ந்நூலுக்குரியது.

காணுதல் பயிலப்படுவதொன்று என்பதற்குத் தக்க சான்று உண்டு. அயர்லாந்து தேசத்து வில்லியம் மொலினோ என்பவரின் மனைவியார் கண்பார்வை இழந்தவர். அவர் 1688 இல் தத்துவ அறிஞராகிய யோன் லொக் என்பவருக்கு ஒரு வினா எழுதினார். பிறவிக் குருடன் ஒருவன் உருண்டையையுங் கனசதுரத்தையும் தடவி அறிந்திருக்கின்றான். அவனுக்குத் திடீரெனப் பார்வை வருமாயின், தொடாமலே எது உருண்டை, எது கனசதுரம் எனக் கூறுவானோ? கூறமாட்டான் என்பதே இருவர் துணிபும். நாற்பது ஆண்டு கழித்து, 1728 இல், வில்லியம் செசல்டன் என்னும் ஆங்கில இரணவைத்தியர், நினைவறியாப் பருவந்தொட்டுக் கண்புரையாற் பார்வையின்றியிருந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்து அதன் வரலாற்றை வெளியிட்டார். கண் திறந்தது, ஆயினும் சிறுவன் காணவில்லை. எல்லாப் பொருளும் தன் விழியை வந்து தொடுவனவாகவே அவனுக்குத் தோன்றின. பூனை எது, நாய் எது எனப் பலமுறை சொல்லிக்கொடுத்தும் மறந்தான். கேட்க நாணி, ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவியறிந்து, அதனை உற்றுநோக்கி, இனி உன்னை அறிவேன் என்று கூறி இறக்கிவிட்டானாம். ஏறத்தாழ இரண்டு திங்கள் சென்றபின்னரே, ஓவியங்கள் பொருள்களைக் குறிப்பன என்பது அவனுக்குப் புலப்பட்டது. புலப்பட்டவுடன் ஓவியத்தைத் தொட்டுப் பார்த்தான். மேடுபள்ளமின்றித் தட்டையாயிருக்கக் கண்டு, பொய் சொல்வது கையா கண்ணா என வினவினான். அச்சிறுவனது வினாவிற்கு இணையான வினாவை யான் அளவைநூல் கற்றாரிடத்தும் அதிகம் கேட்டதில்லை.

பொய் சொல்லும் கண்ணை நாம் ஒருவாறு அறிவோம். கயிற்றைப் பாம்பென்றல் திரிபு. தூணோ மகனோ எனல் ஐயம். இவ்விரண்டும் நீங்கிய காட்சியே அளவையாம் என்பது சிவஞானசித்தியார் கொண்ட வரையறை. ஐயுறுவோன் தான் ஐயுறுகின்றான் என்பதை அறிவான். ஆதலின் அருகே சென்று பார்ப்பான். திரிபுற்றவனை விளக்கொளி திருத்தும். இவையிரண்டிலும் வேறான குறையொன்று கண்ணின் அமைப்பிலேயே உள்ளது. அதனைக் கண்டறிந்து 1668 இல் வெளியிட்டவர் பிரான்சு தேசத்து எட்ம் மரியொற் என்பவர்.

பார்வைநரம்பு விழியைவிட்டு வெளியேறும் இடத்திலே கோலுமில்லை, கூம்புமில்லை. அங்கு விழும் ஒளி உணரப்படாது. அது குருட்டிடம் எனப்படும். வகுப்பிலே இதனைக் காட்டுதற்கு ஒரு கடதாசித் துண்டு போதும். இடப்பக்கத்தில் ஒரு சிலுவைக்குறியும், அதற்கு வலப்பக்கத்தே 8 சென்றிமீற்றர் தூரத்திற் பயறளவான கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணைப் பொத்தி, வலக்கண்ணாற் குறியையே நோக்கிக்கொண்டு, கடதாசியைக் கைநீட்டத்திலிருந்து மெல்ல அண்மிக்கச் செய்க. ஏறத்தாழ 30 சென்றிமீற்றர் அளவில் வரும்போது புள்ளி மறைந்துவிடும். இன்னும் அண்மித்தால் மீளத் தோன்றும். இக்குருட்டிடம் சிறிதென்று கருதற்க. வானத்தைப் பார்க்குங்கால் பத்து முழுமதிகளை வரிசையாய் நிறுத்தினும் அதனுள் அடங்கும்.

புள்ளி மறைந்த இடத்தில் யாது தோன்றிற்று என மாணாக்கரைக் கேளுங்கள். இருள் தோன்றிற்றா? இல்லை. ஓட்டை தோன்றிற்றா? அதுவுமில்லை. வெள்ளைக் கடதாசியே தோன்றிற்று என்பர். வரிவரியாய்க் கோடிட்ட கடதாசியாயின் கோடுகளே தொடர்ந்து தோன்றும். இல்லாத செய்தியைச் சூழவுள்ளதன் சாயலால் மூளை நிரப்பிவிடுகின்றது. நிரப்பினேன் என்றும் சொல்வதில்லை. புற இருள் பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்னும் வேறுபாட்டை உமாபதிசிவாசாரியர் திருவருட்பயனிலே கூறியுள்ளமை ஆசிரியர் அறிந்ததே. இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்கு விளக்கப் பலகாலும் இடர்ப்பட்டேன். விளக்கணைந்த அறையைக் காட்டினால் இருள் தெரிகின்றதே என்பர். தன்னையும் மறைக்கும் மறைப்பு எத்தன்மையது என்பதை இக்கடதாசித் துண்டு ஒரு நிமிடத்தில் உணர்த்திற்று.

அற்றேல், கண்ணை நம்பலாகாது போலும் எனின், அற்றன்று. வலக்கண்ணின் குருட்டிடத்தில் விழுவது இடக்கண்ணின் குருட்டிடத்தில் விழுவதில்லை. ஒன்றுக்கு மறைந்ததை மற்றொன்று காண்கின்றது. ஒரு கண்ணே உடையார்க்கும் விழி அசைதலினாற் குறை நிரம்புகின்றது. கேடு விளைவது, ஒரு கண்ணால், ஓரிடத்தில் அசையாது நின்று பார்த்ததை முழுதும் பார்த்ததாகச் சாதிக்கும்போதே.

அங்ஙனம் நான் சாதித்ததொன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் கற்றான். கரும்பலகையில் எழுதுவதை அவன் ஒருநாளும் ஒழுங்காய்ப் பார்த்தெழுதியதில்லை. 3 என்பதை 8 என எழுதுவான், வரிகளை விட்டுவிடுவான், பெரும்பாலும் தலைகுனிந்திருப்பான். அவனை நான் கண்ணாற் கண்டேன். கண்டு சோம்பேறி என்று தீர்த்தேன். அச்சொல்லை மற்றைப் பிள்ளைகள் கேட்கவே பலமுறை சொன்னேன். பின்வரிசைச் சுவரோரம் எழுந்து நிற்கச் செய்தேன். பலகைக்கு இன்னுந் தூரமான இடத்தில் அவனை நிறுத்தினேன் என்பதை இப்பொழுது எழுதுங்கால் என் கை கூசுகின்றது. எனக்கு முன் அவனுக்குக் கற்பித்த நால்வரும் ஏறக்குறைய இவ்வாறே செய்தனராம். அதனால் என் பங்கு குறையப்போவதில்லை.

ஒருநாள் தேர் பார்க்கச் சென்ற இடத்தில், மிக அண்மையில் நின்றும் என்னை அறியாதவனாய் அவன் நின்றான். அருகே சென்று பேசியபின்னரே திடுக்கிட்டுக் கைகுவித்தான். அப்பொழுதுதான் எனக்கு ஐயம் பிறந்தது. தகப்பனாரை வருவித்துக் கண்வைத்தியரிடம் கூட்டிச்சென்றோம். இரு கண்களும் பழுது. வலக்கண் கிட்டப்பார்வை, கண்ணாடியாற் திருந்திற்று. இடக்கண் அதனினும் மிகப் பழுதுற்றிருந்தமையின், அதிலிருந்து வரும் மங்கிய செய்தியை மூளை இளமையிலேயே புறக்கணித்துவிட்டது. எத்தகைய கண்ணாடி இட்டும் அக்கண் தெளிவுறவில்லை. இதற்குச் சோம்பற்கண் என்று பெயர் என வைத்தியர் கூறினார். நான் அவனுக்கு இட்ட பெயரை வைத்தியர் அவன் கண்ணுக்கு இட்டார்.

சோம்பற்கண் என்பது விழியின் நோயன்று. செசல்டனது சிறுவன் வரலாற்றில் நாம் கண்ட பயிற்சியின் குறைவு. மூளை ஒவ்வொரு கண்ணோடும் இணங்கிக் காணப் பயிலும் பருவம் குழந்தைப்பருவமே. டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையிலே மூடி வைத்து, பின்பு திறந்துவிட்டபோதும் மூளை அக்கண்ணுக்கு வசப்படாமையைக் கண்டறிந்தனர். இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 1981 இல் அவர்க்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. குழந்தை ஏழெட்டு வயதை அடையுமுன் குறை அறியப்பட்டால், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணைச் சிறிது நேரம் மூடி மற்றதை உழைப்பித்தும் பெரும்பாலும் திருத்தலாம். அப்பருவங் கடந்தபின் சிறிது பயன் கிடைக்கலாமாயினும் முழுப்பார்வை வருதல் அரிது. எங்கள் பையனுக்கு அப்போது பத்து வயது. முதலாம் வகுப்பிலே ஒருவர் அவனுடைய வலக்கண்ணைப் பொத்தி, இப்பொழுது பலகை தெரிகின்றதா என்று கேட்டிருந்தால் அவனுக்கு இரண்டு கண்கள் இருந்திருக்கும்.

ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என அவனைக் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன், ஐயா" என்றான்.

மறைந்தவிடத்தில் வெள்ளைக் கடதாசியே தோன்றுதல் போல, அவனுக்குத் தன் குறை குறையாய்த் தோன்றவில்லை. பிறர் பார்வை எத்தன்மையது என்பதைக் கண்டு ஒப்பிடுதற்கு அவனுக்கு வழியேது? எனக்கோ ஒப்பிட முப்பது பிள்ளைகள் கண்முன் இருந்தனர். என் வெள்ளைக் கடதாசியைச் சோம்பேறி என்ற ஒரு சொல் நிரப்பியிருந்தது. குற்றம் அறியாமையாற் செய்யப்பட்டதாயின் குற்றமாமோ என நீதிநூலார் வழக்கிடுவர். என் அறியாமை அறிய முடியாத அறியாமையன்று, கேளாமையால் வந்தது. கண்ணின் அமைப்பை ஆண்டுதோறும் கற்பித்தவன் ஒரு பிள்ளையின் கண்ணைச் சோதியாதிருந்தமைக்கு விலக்குத் தேடுதல் இயலாது.

இப்பொழுது என் வகுப்பிற் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதற்கிழமையிலே 6 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையாற் பொத்துவித்து, பலகையில் வரவரச் சிறிதாய் எழுதிய எழுத்துக்களை வாசிக்கச் செய்கின்றேன். பின் மற்றக் கண்ணையும் அவ்வாறே. எழுத்தறியாத சிறியோர்க்கு, ஒரு தும்பிக்கைபோல வளைந்த கோட்டை நான்கு திசையுந் திருப்பி எழுதி, அது நோக்குந் திசையைக் கையாற் காட்டச் சொன்னாற் போதும். விரலிடுக்கால் எட்டிப் பார்ப்பார் உளர்; அதனைக் கவனித்தல் வேண்டும். ஒரு கண்ணை மூடியவுடன் அழுகின்ற அல்லது கையைத் தட்டிவிடுகின்ற குழந்தையை முரடன் என்று விலக்கற்க; நல்ல கண் மூடப்பட்டமையினாலேயே அது அழுதல் கூடும். இது வைத்தியமன்று. ஐயத்தை எழுப்புதற்கு மாத்திரம் உதவும், முடிபு வைத்தியருடையது. முழு வகுப்பையும் சோதிக்க ஒரு முற்பகல் செல்லும்.

சென்ற தவணையில் இவ்வாறு மூவர் அகப்பட்டனர். இருவர்மேல் எனக்கு முன்னரே ஐயமிருந்தது. மூன்றாமவள் வகுப்பில் முதல்வியாய் நிற்கும் பெண்பிள்ளை. கொப்பியிற் பிழையென்பதே இல்லாதவள். நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் வழக்கமுடையேன். அவள் பலகையைப் பார்த்து எழுதவில்லையாம். அவ்வளவையும் காதாற் கேட்டே எழுதிவந்தாளாம்.